கொழுந்து நம் கையில், விஞ்ஞானம் யார் கையில்?



பெப்ரவரி 11ஆம் திகதி, விஞ்ஞானத்தில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான சர்வதேச தினம். 2015இல் ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்த நாள். நகரத்து மண்டபங்களில் மேடை போட்டு, குத்துவிளக்கேற்றி, படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலையேறி நமது தோட்டப் பாடசாலைக்கு வந்து பேச எத்தனை பேர் முன்வருகிறார்கள்?

1925இல் ஆரம்பிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் எங்கோ தூரதேசத்தில் இல்லை. தலவாக்கலையில், செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. நாம் நடும் வி.பி. கன்றும், மலைக்குப் போடும் உரமும், அடிக்கும் மருந்தும் ஆராய்ச்சியிலிருந்து வந்தவை. மழைக்காலத்தில் இலையில் கொப்புளம் விழுந்தால் அதை முதலில் காண்பது கொழுந்து பறிக்கும் பெண்ணின் கண். அது ஒரு பூஞ்சண நோய். அதை ஆராயும் மேசையில் அவள் மகள் ஏன் உட்காரக் கூடாது?

“பொம்பளப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு? கலைப்பிரிவு படித்து டீச்சரானால் போதாதா?” என்கிறார்கள். ஆசிரியத் தொழிலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நமது பிள்ளைகள் அருகில் பார்த்த படித்த பெண் பெரும்பாலும் டீச்சர் மட்டுமே. மண்ணைப் பரிசோதிக்கும் பெண்ணையும், நோய்க்கிருமியை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பெண்ணையும் அவர்கள் நேரில் கண்டதில்லை. அப்படி ஒருவர் வகுப்பறைக்கு வந்து, தான் எந்தப் பாடம் எடுத்தேன், எங்கே தடுமாறினேன், எப்படிக் கடந்தேன் என்று தமிழில் சொன்னால், அது பத்துப் புத்திமதிக்குச் சமம்.

அதற்காக ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போனால் கடமை முடிந்துவிடாது. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். 1சி பாடசாலையில் அந்தப் பிரிவுகள் இல்லை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, பஸ் இல்லாத பாதையில் எத்தனை மைல் போவாள்? போனாலும் இரசாயனவியலுக்குத் தமிழில் ஆசிரியர் இருக்கிறாரா? பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வழியின்றி அதற்கு விண்ணப்பிக்க முடியாமல் போவது எந்த ஊர் நியாயம்? ஆசையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஆகவே கேட்கிறோம்:

ஆராய்ச்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தமது பெண் ஆய்வாளர்களைத் தவணைக்கு ஒருமுறையாவது தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகளைத் தமது ஆய்வுகூடங்களுக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

கல்வி அமைச்சு, தோட்டப் பிள்ளைகள் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்மொழி விஞ்ஞானப் பிரிவும், ஆசிரியரும், ஆய்வுகூடமும், காலை மாலை பஸ்ஸும் ஒழுங்குசெய்ய வேண்டும்.

தாய்மாரே, தகப்பன்மாரே! உங்களிடமும் ஒரு கோரிக்கை. வீட்டுக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சாதாரண தரம் முடிந்த கையோடு மகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். மகனுக்குத் தேடும் டியூஷனை மகளுக்கும் தேடுங்கள். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளத்தோடு பாடசாலையையும் பேசுங்கள். மாதர் சங்கத் தோழியர்கள் இக்கோரிக்கைகளை அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் எழுத்தில் கொடுக்கட்டும்.

தேயிலையைத் தாங்கி நிற்பவர்கள் நமது பெண்கள். அதன் விஞ்ஞானத்திலும் அவர்களின் பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும்!