அடுத்த பயிற்றுவிப்பாளர் யார்? அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி

இங்கிலாந்தின் பெரிய உதைபந்தாட்டக் கழகமொன்று தனது பயிற்றுவிப்பாளரைப் பதவி நீக்கம் செய்தால், அதன் அதிர்வு திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் உணரப்படுகின்றது. உப்புவெளி, சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என எங்கும் தேநீர்க் கடைகளிலும் மைதான ஓரங்களிலும் கூடும் இளைஞர்கள், அடுத்து வரவேண்டியவர் யார் என்று மணிக்கணக்கில் வாதிடுகின்றனர். ஒருவர் இத்தாலியரைப் பரிந்துரைக்கிறார். மற்றவர் ஸ்பானியரே பொருத்தமானவர் என்கிறார். மூன்றாமவர் முன்னாள் வீரர் ஒருவருக்கே அந்த உரிமை உண்டு என்கிறார். பெரியவர்களில் பலர் இதனை வீண்பொழுது என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

அவ்வாறு ஒதுக்கிவிடுவது சரியா என்பதை இரு கோணங்களில் நோக்கவேண்டியுள்ளது. முதலாவது, இந்த விவாதம் எந்த மண்ணில் நடைபெறுகின்றது என்பது. இரண்டாவது, விவாதிப்போர் கேட்கத் தவறுகின்ற கேள்வி எது என்பது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் மூன்றே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூன்று சமூகங்களில் எதுவும் தனித்துப் பாதிக்கு மேற்பட்ட பெரும்பான்மையைக் கொண்டிருக்கவில்லை. காணி, கல்வி, தொழில்வாய்ப்பு என எதனைப் பற்றிப் பேசினாலும் முதலில் சமூகக் கணக்கே பார்க்கப்படும் மாவட்டம் இது. மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்கு யார் வரவேண்டும் என்ற விவாதத்தில் மட்டும் அணிபிரிப்பு வேறுவிதமாக அமைகின்றது. கிண்ணியா இளைஞனும் நிலாவெளி இளைஞனும் ஒரு பக்கத்திலும், அவர்கள் இருவரதும் சொந்த அயலவர்கள் எதிர்ப்பக்கத்திலும் நிற்பதை அங்கு காணலாம்.

இது சிறிய விடயமல்ல. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூரில் மூண்ட போர் முஸ்லிம்களையும் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேற்றியது. மாலை வேளையில் இளைஞர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடிப் பேசுவதே ஆபத்தாக இருந்த காலமொன்று இம்மாவட்டத்துக்கு உண்டு. போக்குவரத்தும் இலகுவாக இருக்கவில்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை, நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே பாதையை நம்பியே மக்கள் வாழ்ந்தனர். விளையாடச் செல்லும் அணியும் அந்தப் பாதைக்காகவே காத்து நின்றது. இன்று இளைஞர்கள் இரவு எட்டு மணிக்குப் பின்னரும் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்து உரத்த குரலில் முரண்படுகின்றனர் என்றால், அதனை வீண்பொழுது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஆயினும் விவாதத்தின் உள்ளடக்கம் பற்றி ஒரு கேள்வி எழுகின்றது. அடுத்தவர் யார் என்று எல்லோரும் கேட்கின்றனர். அவரைத் தெரிவு செய்பவர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த அடித்தளத்தின் மீது என்பதை மிகச் சிலரே கேட்கின்றனர்.

மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். அலெக்ஸ் பேர்கியூசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். முதலாவது கிண்ணம் 1990இலும், முதலாவது லீக் பட்டம் 1993இலுமே அவருக்குக் கிடைத்தன. 2013இல் அவர் ஓய்வு பெற்றபோது 13 லீக் பட்டங்கள் அவர் பெயரில் இருந்தன. அவருக்குப் பின் ஆறு ஆண்டு ஒப்பந்தத்துடன் வந்த டேவிட் மோயஸ் பத்து மாதங்களில் நீக்கப்பட்டார். லூயிஸ் வன் கால், ஜோசே மொரின்ஹோ, ஒலே குன்னர் சொல்ஷெயர், எரிக் டென் ஹாக் எனப் பட்டியல் நீண்டது. ஒழுக்கக் கண்டிப்பு மிக்கவர், கிண்ணங்களைக் குவித்தவர், கழகத்தின் முன்னாள் நாயகன், புதிய தலைமுறைச் சிந்தனையாளர் என இரசிகர்கள் கோரிய எல்லா வகையினரும் வந்து போயினர். அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒரு லீக் பட்டமேனும் கிடைக்கவில்லை.

இதில் டென் ஹாக்கின் கதை தனித்துக் குறிப்பிடத்தக்கது. 2024 மே மாதத்தில் எப்.ஏ. கிண்ணத்தை வென்றமையால் அவர் தக்கவைக்கப்பட்டார். ஜூலையில் அவரது ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. ஒக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். ஐந்து மாதங்களுக்குள் அந்த மனிதர் மாறியிருக்க முடியாது. தெரிவு செய்தவர்களிடம் உறுதியான நோக்கு இருக்கவில்லை என்பதையே இது உணர்த்துகின்றது.

லிவர்பூல் இதற்கு மறுபக்கம். 2024 ஜனவரியில் ஜூர்கன் க்ளொப் தாம் விலகப்போவதாக அறிவித்தபோது, இரசிகர்களில் பெரும்பாலோர் முன்னாள் வீரர் ஷாபி அலொன்சோவின் பெயரையே உச்சரித்தனர். அவர் ஜேர்மனியின் லெவர்குசன் கழகத்திலேயே தொடர்ந்தார். இரசிகர்களின் பட்டியலில் முன்னணியில் இராத ஒல்லாந்தரான ஆர்னே ஸ்லொட் நியமிக்கப்பட்டு, முதலாவது பருவத்திலேயே, 2025 ஏப்ரலில், லீக் பட்டத்தை வென்றார். க்ளொப் விட்டுச்சென்ற அணியும் கட்டமைப்பும் சிதையாமல் இருந்ததே அதற்குப் பிரதான காரணம். அதே ஆண்டின் இறுதி மாதங்களில் தோல்விகள் தொடர்ந்தபோது, அவரை மாற்றவேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. இரசிகரின் நினைவு குறுகியது என்பதை மறுப்பதற்கில்லை.

இந்தப் பாடத்தை நமது நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும்போதே அதன் கனம் புலப்படுகின்றது. இலங்கை அணி 1995இல் கொழும்பில் இந்தியாவை வீழ்த்தித் தெற்காசியக் கிண்ணத்தை வென்றது. 2006இல் டாக்காவில் நடைபெற்ற ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதிப் போட்டி வரை முன்னேறித் தஜிகிஸ்தானிடம் தோற்றது. அதன் பின்னர் படிப்படியாகக் கீழிறங்கி, 211 அங்கத்துவ நாடுகளைக் கொண்ட பீபா தரவரிசையில் 200ஐயும் தாண்டிய இடங்களுக்குச் சென்றது. இக்காலத்தில் பயிற்றுவிப்பாளர்களுக்குக் குறைவிருக்கவில்லை. 2020 வரை நம் நாட்டவரான பக்கீர் அலி, அவருக்குப் பின் அமீர் அலகிச், 2022இல் மன்செஸ்டர் சிற்றியின் முன்னாள் தலைவர் அண்டி மொரிசன், 2024இல் இங்கிலாந்தின் கீத் ஸ்டீவன்ஸ், 2025இல் குவைத்தின் அப்துல்லா அல்முதைரி என ஆறு ஆண்டுகளுக்குள் ஐவரைக் கண்டோம். உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்ற விவாதம் ஒவ்வொரு முறையும் எழுந்து அடங்கியது.

ஆனால் 2023இல் நேர்ந்ததை எந்தப் பயிற்றுவிப்பாளராலும் தடுத்திருக்க முடியாது. சம்மேளனத்தின் தேர்தல் நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த சர்ச்சையை அடுத்து, மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி, பீபா ஜனவரி மாதத்தில் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கியது. அந்த ஏழு மாதங்களில் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியச் சுற்றுப்போட்டியை நமது வீரர்கள் இழந்தனர். செப்டெம்பரில் மீண்டும் தேர்தல் நடத்தப்பட்டு, ஜஸ்வர் உமர் தலைவராகத் தெரிவானார். விளையாட்டு வீரனின் வாழ்வில் ஏழு மாதங்கள் திரும்பக் கிடைக்காதவை. அந்த இழப்புக்கான காரணம் மைதானத்தில் நிகழவில்லை. கூட்ட மண்டபத்திலேயே நிகழ்ந்தது.

அதன் பின்னர் நம்பிக்கைக்குரிய அறிகுறிகளும் தென்பட்டன. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்து வளர்ந்த வீரர்கள் பலரை இணைத்துக்கொண்ட அணி, 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்தது. 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை 3-1 எனக் கொழும்பில் வென்றது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் வெளிநாட்டு மைதானங்களில் உருவான வீரர்களைக் கொண்டுவருவது, மூதூரிலும் கிண்ணியாவிலும் வீரர்களை உருவாக்குவதற்கு மாற்றீடாகாது. முன்னையது இன்றைய அணிக்கு உதவும். பின்னையதே பத்தாண்டுக்குப் பிந்திய அணியைத் தரும்.

இங்குதான் திருகோணமலை இரசிகனின் குரலுக்கு உண்மையான பெறுமதி இருக்கின்றது. மன்செஸ்டரில் யார் வரவேண்டும் என்ற அவனது கருத்து அங்கு எவரதும் காதுகளை எட்டாது. அங்குள்ள இரசிகர்களின் குரலுக்கும்கூட அமைப்பாகத் திரண்டபோதே மதிப்புக் கிடைத்தது. 2021 ஏப்ரலில் பன்னிரு செல்வந்தக் கழகங்கள் அறிவித்த சுப்பர் லீக் திட்டத்திலிருந்து ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் இரண்டே நாட்களில் பின்வாங்கின. வீதிக்கு இறங்கிய இரசிகர்களின் எதிர்ப்பு அதற்கு முக்கிய காரணம். பார்சிலோனாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்கள் கழகத் தலைவரை வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். ஜேர்மனியில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கழகத்தின் பெரும்பான்மை வாக்குரிமை அங்கத்தவர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. அங்கெல்லாம் இரசிகன் பயிற்றுவிப்பாளரை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. தெரிவு செய்பவரைத் தெரிவு செய்கிறான்.

நமது நாட்டிலும் இதற்கு வழியில்லை என்று கூறமுடியாது. ஊர்க் கழகங்கள் சேர்ந்து லீக்குகளாகின்றன. லீக்குகளின் வாக்குகளே சம்மேளனத்தின் தலைவரைத் தீர்மானிக்கின்றன. தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரை நியமிப்பது அந்தச் சம்மேளனம். ஆகவே நாட்டின் அடுத்த பயிற்றுவிப்பாளர் யார் என்ற வினாவின் முதற்கண்ணி, நமது ஊர்க் கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இருக்கின்றது. ஐரோப்பியப் பயிற்றுவிப்பாளர் பத்துப் பேரின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தமது லீக்கின் செயலாளர் யார் என்று தெரியும்? கழகத்தின் கணக்கறிக்கை இறுதியாக எப்போது வாசிக்கப்பட்டது என்று எத்தனை பேர் கேட்டிருப்பர்?

இவ்விடத்தில் நம்மிடையே உள்ள குறையொன்றையும் மூடிமறைக்காமல் பேசவேண்டும். மன்செஸ்டருக்கு ஆள் தேடும்போது திறமையை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் நாம், உள்ளூர் அணிக்கு ஆள் தேடும்போது ‘நம்மவரா?’ என்று முதலில் கேட்கிறோம். தமிழ்க் கழகம், முஸ்லிம் கழகம், இந்தத் தெரு, அந்தத் தெரு என்ற கோடுகளுக்குள் பயிற்றுவிப்பாளரும் அடைக்கப்படுகிறார். மாவட்டத்தில் சிறந்த பயிற்றுவிப்பாளர் மறுபக்கத்து ஊரில் இருந்தால், அவரை அழைத்துவரப் பாலம் இருக்கின்றது. மனம்தான் இன்னும் பாதைக்குக் காத்திருக்கின்றது. இரவில் தொலைக்காட்சியின் முன் கலைந்துபோகும் கோடுகள், காலையில் மைதானத்தில் மீண்டும் வரையப்படுவது ஏன் என்பதை இரு சமூகத்தவரும் சிந்திக்கவேண்டும்.

செய்யவேண்டியவை பெரும் நிதியை வேண்டி நிற்பவையல்ல. ஒவ்வொரு கழகமும் ஆண்டுக்கொருமுறை தவறாது பொதுக்கூட்டத்தை நடத்திக் கணக்கை முன்வைக்கவேண்டும். ஒவ்வொரு கழகத்திலிருந்தும் ஒருவரையேனும் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்பவேண்டும். தமது பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவரிடம் அத்தகைய சான்றிதழ் உண்டா என்று பெற்றோர் கேட்கவேண்டும். நகரின் ஏகாம்பரம் மைதானத்திலும் கிண்ணியா எழிலரங்கிலும் வளர்ந்தோருக்கான போட்டிகளுக்கு நிகராகச் சிறுவர் போட்டிகளும் ஒழுங்காக நடைபெறவேண்டும். நியமிக்கப்பட்ட பயிற்றுவிப்பாளருக்குக் குறைந்தது மூன்று பருவங்களேனும் அவகாசம் வழங்க லீக்குகள் முன்வரவேண்டும். ஒரு தோல்விக்காக ஒருவரை விலக்கும் பழக்கம் மன்செஸ்டரின் செல்வத்தாலேயே தாங்கமுடியாத ஆடம்பரம். நமக்கு அது கட்டுப்படியாகாது.

1957 வரை இந்தத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையினர் போய்விட்டனர். அவர்களும் விளையாடிய உதைபந்தாட்டம் இங்கு தங்கிவிட்டது. அதனை நமதாக்கிக்கொண்ட இளைஞர்கள் இரவிரவாக விவாதிக்கட்டும். அந்த விவாதம் இம்மாவட்டத்துக்குக் கிடைத்த நல்லவற்றுள் ஒன்று. அதே வாதத்திறமையையும் அதே தகவலறிவையும் தமது கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கும் அவர்கள் எடுத்துச் செல்லவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். அங்கு அவர்களுக்கு வாக்கு உண்டு.