வௌவால் குற்றவாளியா?

“கேளா ஒலியைப் பயன்படுத்தும் பிராணி எது?” என்று வகுப்பில் கேட்டால், “வௌவால்!” என்ற விடை உடனே வரும். அது பாதி விடைதான். மாம்பழக் காலத்தில், அந்தி சாய்ந்ததும் நம் பென்னாகரம் பக்கத்துத் தோப்புகளுக்கு வரும் பெரிய பழந்தின்னி வௌவால் கேளா ஒலியால் வழி தேடுவதில்லை. பெரிய கண்களும் கூரிய மோப்பமுமே அதற்குத் துணை. பழத்தை மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பிவிடும்.

“இவற்றைச் சுட்டுத் தள்ளினால் என்ன?” என்று தோப்புக்காரர் கேட்கிறார். அவருடைய நஷ்டம் மெய்யானதே. ஆனால் மாணவ நண்பர்களே, அந்தச் சோதனை ஒரு தீவில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது!

தமிழர்கள் பலர் தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸ்தான் அந்தத் தீவு. அங்குள்ள பழந்தின்னி வௌவால் நம்முடைய வௌவாலின் நெருங்கிய உறவு. லிச்சியையும் மாம்பழத்தையும் அது பாழாக்குகிறது என்று 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அரசே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வௌவால்களைக் கொன்றது. பலன் என்ன? தோட்டக்காரர்களின் லாபம் கூடவில்லை. 2018 இல் அந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஏன் இப்படி? பழம் வீணாவதற்கு வௌவால் மட்டுமா காரணம்? காற்று, பறவை, எலி, பறிக்காமல் விட்டு அளவு மீறிக் கனிந்து போவது எனக் காரணங்கள் பல. பல காரணங்களில் ஒன்றை மட்டும் பிடித்துத் தண்டிப்பது நல்ல சோதனை முறை ஆகாது.

இழப்போ பெரிது. பெண் வௌவால் பொதுவாக ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். டோடோ பறவையும் பேராமைகளும் மறைந்துவிட்ட அத்தீவில், காட்டு மரங்களின் பெரிய விதைகளைத் தூரத்துக்குச் சுமந்து செல்ல வௌவாலை விட்டால் வேறு யார்?

நம் நாட்டிலும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. சட்டம் மாறியது, தோப்புக்காரரின் நஷ்டம் மாறவில்லை. ஆகவே, மரங்களை உயரவிடாமல் கவாத்து செய்து, தொய்வில்லாமல் வலை கட்டுவதே சரியான வழி என்பது என் கருத்து. வலைக்கு அரசு மானியம் தர வேண்டும். காட்டைக் காக்கும் செலவை ஏழை விவசாயி தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா?

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பருவத்தில் ஒரு நாள் காலை, தோப்பில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணுங்கள். பல் பட்டவை எத்தனை, பறவை கொத்தியவை எத்தனை, காயமின்றி விழுந்தவை எத்தனை? கையால் தொட வேண்டாம். கடிபட்ட பழத்தில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். கணக்கைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.