மூட்டை வரும் வழி

ரேஷன் கடையில் எடை குறைந்தால் நம் தாய்மார்கள் உடனே கேட்டுவிடுவார்கள். சோற்றைச் சிந்தும் பிள்ளையைக் கண்டிக்கவும் தவறமாட்டார்கள். விரயம் கூடாதென்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த பாடம். ஆயினும், அந்த அரிசி கடைக்கு வந்து சேரும் வழியிலேயே ஒரு விரயம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஸ்ரீமுஷ்ணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றுக்கு விருத்தாசலம் பக்கமிருந்தும் அரிசி வரலாம், சிதம்பரம் பக்கமிருந்தும் வரலாம் என வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள கிடங்கை விடுத்து, பழைய வழக்கம் என்ற ஒரே காரணத்தால் தொலைவிலிருந்தே லாரி வருமானால், டீசல் வீண், வாடகை வீண், காற்றில் கலக்கும் புகையும் மிகுதி.

ஒரு கடைக்கு மனக்கணக்கே போதும். ஆயிரம் கடைகளுக்கோ அது போதாது. எல்லாக் கடைகளையும் அருகிலுள்ள கிடங்கிலேயே சேர்த்தால் ஒரு கிடங்கு வற்றும்; மற்றொன்றில் மூட்டைகள் தேங்கும். ஒவ்வொரு கிடங்கின் கொள்ளளவு, ஒவ்வொரு கடையின் தேவை, இடைப்பட்ட தொலைவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கி முடிவு காண வேண்டும். இத்தகைய சிக்கல்களைத் தீர்க்கும் கணித முறையை 1947-இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் டான்சிக் வகுத்தார். இன்று அவ்வேலையைக் கணிப்பொறி விரைந்து செய்கிறது.

நம் நாட்டின் பொது விநியோகத்திற்கென மத்திய அரசின் உணவுத் துறை, ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்துடனும் டெல்லி ஐ.ஐ.டி.யுடனும் இணைந்து 'அன்ன சக்ரா' என்னும் ஏற்பாட்டை 2024 டிசம்பரில் தொடங்கிற்று. 4.37 லட்சம் கடைகளும் 6,700 கிடங்குகளும் இதன் எல்லைக்குள் அடங்கும். 30 மாநிலங்களில் ஆராய்ந்தபோது, மூட்டைகள் செல்லும் தொலைவை 15 முதல் 50 சதவீதம் வரை குறைக்கலாம் எனத் தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. புதிய சாலை வேண்டியதில்லை. புதிய லாரியும் வேண்டியதில்லை. இருக்கும் விவரங்களை ஒழுங்காகக் கணக்கிட்டதன் பயன் இது.

அவ்விவரங்களுள் முதன்மையானது கடையின் தேவை. அதனைக் காட்டுவது அங்குள்ள விற்பனை இயந்திரத்தின் பதிவே. தமிழகத்தில் 2017 முதல் ஸ்மார்ட் அட்டை நடைமுறையில் உள்ளது. நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளும் அதன்வழிப் பதிவாகிறது. அப்பதிவே பொய்யானால்? உண்ணாத அரிசியை வாங்கி வெளியில் விற்போரும், வாங்காத பொருளுக்குக் கைப்பேசியில் செய்தி வந்தும் வாளாவிருப்போரும் இல்லாத தேவையை இருப்பதாகக் காட்டத் துணைபோகின்றனர். எத்துணை நுட்பமான கணிப்பொறியாயினும் அந்தப் பொய்த்தேவைக்கே லாரியை அனுப்பும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! அரிசி தேவைப்படாத குடும்பம் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். தவறான பதிவு கண்டால் 1967 என்ற எண்ணில் முறையிடலாம். நாட்டின் பெருங்கணக்கு நேராவது நம் அட்டையின் சிறுகணக்கு நேராக இருக்கும்போதுதான்.