ஓடையின் மூலபாடம்

ஆறு என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது, இரு கரைகளுக்குள் அடங்கி வளைந்து நெளிந்தோடும் ஒற்றை நீரோட்டம்தான். சிதைந்த ஓடைகளைச் சீரமைக்க முனைந்த அமெரிக்கர்களின் மனத்திலும் நெடுங்காலம் அந்தச் சித்திரமே இருந்தது. 1950களில் லூனா லியோபோல்டும் கார்டன் வோல்மனும் ஓடைகளை அளந்து எழுதிய ஆய்வுகள் அதற்கு அறிவியல் வலுவூட்டின.

2008 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை அச்சித்திரத்தை ஐயுற வைத்தது. எழுதியவர்கள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரிலுள்ள ஒரு கல்லூரியின் ஆசிரியர்களான ராபர்ட் வால்டரும் டோரதி மெரிட்ஸும். (கல்லூரி ஆசிரியர்கள் என்பதில் நமக்குச் சிறு பெருமிதம் உண்டு.)

வந்தேறிய ஐரோப்பியர் மாவரைக்கவும் மரம் அறுக்கவும் ஓடைதோறும் அணை கட்டினர். 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிழக்குப் பகுதியில் 65,000க்கும் மேற்பட்ட நீராலைகள் இருந்தன. காடழித்து உழுத நிலத்தின் மண் அணைகளுக்குப் பின்னால் 1 முதல் 5 மீட்டர் வரை படிந்தது. பின்னாளில் அணைகள் உடைய, நீர் அவ்வண்டலை அறுத்துக்கொண்டு ஓடிற்று. இயற்கையின் கரை என்று பலரும் கண்டு மகிழ்ந்தது ஆலைக்குளத்தின் வண்டலே!

அதனடியில் கருநிற மண்ணடுக்கு ஒன்று கிடந்தது. அதில் கோரை விதைகள். அங்கே முன்பு ஓடியது ஒற்றை ஓடையன்று. கோரை அடர்ந்த சதுப்பினூடே சிறு கிளைகளாகப் பிரிந்து கசிந்த நீர். ஏடுகளை ஒப்பிட்டு இடைச்செருகலைப் பிரித்தறியும் பதிப்பாசிரியரின் வேலைதான் இது. ஏட்டுக்குப் பதில் மண்.

2011இல் லங்காஸ்டர் அருகே பிக் ஸ்பிரிங் ரன் என்னும் ஓடையில் ஏறத்தாழ 20,000 டன் வண்டலை அகழ்ந்தெடுத்துச் சதுப்பை மீட்டனர். கரையைக் கல்லடுக்கிக் காப்பதே சீரமைப்பு என்று பழகிய கண்ணுக்கு, கரையையே வெட்டியெறிவது அழிவுவேலையாகத் தோன்றக்கூடும். ஆனால் அக்கரை சரியுந்தோறும் அதிலுள்ள மண்ணும் பாஸ்பரசும் செசபீக் விரிகுடாவுக்கல்லவா போய்ச் சேருகின்றன? இடைச்செருகலுக்கு உரையெழுதிக் காப்பதில் நமக்கு உடன்பாடில்லை.

எல்லா ஓடைக்கும் இது பொருந்தாது என்று மறுப்போர் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. அணையே காணாத ஓடைகளும் இருக்கின்றனவே. ஆகவேதான், சீரமைப்புக்கு வரைபடம் போடுமுன் அந்தந்த ஓடைக்கரையில் ஒரு குழியேனும் வெட்டிப் பார்க்கட்டும் என்கிறோம்.