ரிச்சி தெருவுக்கு ஓடும் முன்...

அம்பத்தூர், ஆவடி பசங்க கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட ஆரம்பித்து நாலு ரவுண்டு செத்ததும் திட்டுவது மவுஸை. அடுத்து நெட்டை. (நெட் சில சமயம் நிஜமாகவே சொதப்பும், மவுஸ் பாவம்!) உடனே அப்பா காசில் ரிச்சி தெருவில் புது மவுஸ். ஓடிக்கொண்டே சுட்டால் எந்த மவுஸிலும் குண்டு சிதறத்தான் செய்யும். 2000-ல் வந்த முதல் பதிப்பிலிருந்து 2023-ல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வரை இந்த விதி மாறவில்லை. இடப்பக்கம் ஓடும்போது 'ஏ'வை விட்டு 'டி'யை லேசாகத் தட்டினால் ஆள் சட்டென நிற்பான். அப்போது சுடணும்.

குறி தரையைப் பார்க்கவே கூடாது, தலை உயரத்திலேயே இருக்கட்டும். ஏகே-47 கையில் இருந்தால் ஹெல்மெட் போட்டவன் தலைக்கும் ஒரே குண்டு போதும். அழுத்திப் பிடித்தால் துப்பாக்கி எகிறி 30 குண்டும் வீண்.

பாட்களோடு ஒரு மாதம் இதை மட்டும் பழகியும் கை வரவில்லையா? தாராளமாக மின்சார ரயில் ஏறலாம்.