எல்லைக் கோடும் சாவும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எச். ஐ. வி. தொற்றியோர் ஏனைய பகுதிகளிலும் பார்க்கக் கூடுதலாக மாண்டுபோவதற்குக் காரணம் அவர்களுடைய நடத்தையே என்று சொல்லும் கனவான்கள் இன்றும் உளர். ஒழுக்கக்கேடு, அறியாமை, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாத சோம்பல் என அவர்களது குற்றப்பத்திரிகை நீண்டு செல்கிறது. இறந்தவனையே கொலைகாரனாக்கும் இந்த விந்தை வாதத்தைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாட்டின் சனத்தொகையில் 38 வீதத்தினரே தெற்கில் வாழ, எச். ஐ. வி. தொற்றியோரின் மரணங்களுள் ஏறத்தாழப் பாதி அங்கேதான் நிகழ்கிறது. நோயாளர் கூடுதலாக இருக்குமிடத்தில் இறப்போரும் கூடுதலாகத்தானே இருப்பர் என்று கேட்கலாம். சரி, கிருமி ஏற்கெனவே தொற்றிவிட்டவர்களை மட்டும் எடுத்து, தெற்கில் ஆயிரம் பேருக்கும் வடக்கில் ஆயிரம் பேருக்கும் ஓராண்டில் எத்தனை பேர் மாள்கின்றனர் என்று பார்த்தால்? அப்போதும் தெற்கின் எண்ணே மேலோங்கி நிற்கிறது. அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, ஜோர்ஜியா உள்ளிட்ட ஒன்பது தென் மாநிலங்களை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தார், நோய் கண்டறியப்பட்ட பின் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம் நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் பார்க்க அங்கேதான் குறைவு என்று காட்டினர். கிருமி எவ்வாறு தொற்றியது என்பது இங்கு கேள்வியே அன்று. தொற்றிய பின் என்ன நடந்தது?

தொற்றிய பின் நடப்பதை நிர்ணயிப்பது மருந்து. 1996 இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. 1995 இல் அந்நாட்டில் ஏறத்தாழ 50,000 பேரைப் பலிகொண்ட எயிட்ஸ், 1997 இல் அதில் பாதியளவினரையே கொண்டுபோயிற்று. காலத்தோடு தொடங்கி ஒழுங்காக மருந்து உண்பவன் இன்று ஏனையோரைப் போலவே நெடுங்காலம் வாழலாம். அந்த மாத்திரை நியூ யோர்க்கிலும் மிசிசிப்பியிலும் ஒன்றே. அதைப் பெறும் வழிதான் ஒன்றல்ல. காப்புரிமை கம்பனிகளின் கையிலிருக்கும் புதிய மாத்திரைகளின் விலை மாதத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர். கூலித் தொழிலாளி சொந்தப் பணத்தில் வாங்குவதென்பது நடவாத காரியம்.

ஏழைகளுக்கான அரசாங்க வைத்தியக் காப்புறுதியை அங்கு மெடிக்கெயிட் என்பர். செலவைச் சமஷ்டி அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும். யாரைச் சேர்ப்பது என்பதில் மாநிலத்துக்குப் பெரும் அதிகாரம் உண்டு. பழைய விதியின்படி, பிள்ளைகளற்ற ஒருவனுக்கு வறுமை மட்டும் போதாது. உடல் வலுவிழந்தவன் என்ற சான்றும் வேண்டும். எச். ஐ. வி. நோயாளனுக்கு இதன் பொருள் என்ன? எயிட்ஸ் முற்றி அவன் படுக்கையில் விழவேண்டும். விழுந்த பின்னரே, விழாமற் காத்திருக்கக்கூடிய மருந்து அவனுக்குக் கிடைக்கும். இதை எழுதியவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர். கணக்கு நன்கு தெரிந்தவர்கள்.

2010 இல் நிறைவேறிய சுகாதாரச் சட்டம் இக்கொடுமையை நீக்க முயன்றது. 2012 இல் உச்ச நீதிமன்றம், விரிவாக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்றது. புதிதாகச் சேர்வோருக்கான செலவை 2014 முதல் மூன்றாண்டுகளுக்கு முழுவதுமாகவும், பின்னர் 90 வீதத்துக்குக் குறையாமலும் சமஷ்டி அரசே ஏற்றது. அப்படியிருந்தும் பத்து மாநிலங்கள் மறுத்து நிற்கின்றன. அவற்றுள் ஏழு தெற்கிலே உள்ளன: ரெக்சாஸ், புளோரிடா, ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, ரெனசி. இந்த ஏழும் டியூக் ஆய்வின் ஒன்பதினுள் அடங்கியவை என்பதை வாசகர் கவனிக்க.

மருந்துக்கு இன்னொரு வாயிலும் உண்டு. றையன் வைற் என்ற இளைஞனின் பெயரால் 1990 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் மருந்துதவித் திட்டம் நடைபெறுகிறது. ஆனால் அதன் பணம் அளவுக்குட்பட்டது. 2011 இல் 9,000 க்கு மேற்பட்டோர் அத்திட்டத்தின் காத்திருப்போர் பட்டியலில் நின்றனர். பெரும்பாலோர் தென் மாநிலத்தவர். மருந்து களஞ்சியத்தில் இருந்தது. நோயாளன் பட்டியலில் இருந்தான்.

இவ்விடத்தில் நடத்தைவாதிகள் தமது கடைசி அம்பைத் தொடுப்பர். கறுப்பின மக்கள் வைத்தியரை நம்புவதில்லை, காலந்தாழ்த்தியே வருகின்றனர் என்பர். நம்பாமை உண்டு, மறுக்கவேண்டியதில்லை. அதை விதைத்தவர் யார்? அலபாமாவின் ரஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசாங்கச் சுகாதார சேவையினர், சிபிலிஸ் நோய்கொண்ட 399 கறுப்பின ஆண்களை உரிய வைத்தியமின்றி விட்டு, நோய் உடலை எவ்வாறு தின்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர். 1947 அளவில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்ற பின்னும் கொடுக்கவில்லை. அதே அலபாமாவில், எச். ஐ. வி. தொற்றிய கைதிகளை ஏனையோரிலிருந்து ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கு எதிராகச் சமஷ்டி நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்க 2012 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இத்தனையும் கண்ட மக்களிடம் போய், ஏன் நம்பவில்லை என்று கேட்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

மெடிக்கெயிட் ஒன்றே யாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. லூசியானா 2016 இலேயே விரிவாக்கத்தை ஏற்றது; அங்கு வறுமையும் ஒழியவில்லை, நிறவெறியும் ஒழியவில்லை. எனினும் பூட்டிய கதவைத் திறக்காமலே, உள்ளே வராதவனைச் சோம்பேறி என்பது எந்த நியாயம்? வட கரோலினா 2023 டிசம்பரில் அக்கதவைத் திறந்தது. மிசிசிப்பியில் 2024 இல் அதே பிரேரணை சட்டசபைக்கு வந்தது. மருந்து பெறுவோர் வேலை செய்வதை நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனையில் இரு சபைகளும் முட்டிக்கொண்டன. மே மாதத்தில் எதுவும் நிறைவேறாமலே கூட்டத்தொடர் முடிவுற்றது. உறுப்பினர்கள் வீடு திரும்பினர்.