குளிசையோடு ஒரு தராசும்

எனக்கு 17 வயதாக இருந்தபோது சித்தப்பா மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஸ்கிட்சோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு நோய் என்று எழுதுவார்கள். கடைசி நாள் டொக்டரோடு நடந்த சந்திப்புக்கு மொழிபெயர்க்க நான்தான் போனேன். சுவிஸில் வளர்ந்த உங்களுக்கு இந்த வேலை தெரியும். வரிக் கடிதம் முதல் வைத்தியர் வரை, வீட்டில் டொச் தெரிந்த பிள்ளைதான் கூடப் போகவேண்டும்.

டொக்டர் குளிசையின் பெயரைச் சொன்னார். எத்தனை மணிக்குப் போடவேண்டும், அடுத்த சந்திப்பு எப்போது என்று சொன்னார். நித்திரை வருகிறதா, குரல்கள் இன்னும் கேட்கின்றனவா என்று கேட்டார். நிறையைப் பற்றியோ சீனியைப் பற்றியோ ஒரு சொல்லும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

குரல்கள் அடங்கின. வீடு நிம்மதியானது. ஆனால் சித்தப்பாவின் பசி அடங்கவில்லை. இரவு 11 மணிக்கு எழும்பி மிச்சப் புட்டைத் தேடுவார். சித்தி முதலில் "சாப்பிடுறார், தேறிட்டார்" என்று சந்தோஷப்பட்டா. பிறகு "இவருக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று ஏசினா. இரண்டு வருடத்தில் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது.

அந்தப் பசி அவருடைய குணம் அல்ல, மருந்தின் வேலை. ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மூளையில் 'போதும்' என்று சொல்லும் இடத்தையும் மந்தமாக்குகின்றன. இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் ஏறவும் அவை காரணமாகலாம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் எத்தனையோ சண்டை நடந்திருக்காது.

என் கருத்து இதுதான். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது மனதுக்கு ஒரு திட்டம் தருவதுபோல உடம்புக்கும் ஒரு திட்டம் தரவேண்டும். தராவிட்டால் நாங்கள் கேட்டு வாங்கவேண்டும்.

இந்த நோயின் கதையில் சுவிஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 'ஸ்கிட்சோஃப்ரினியா' என்ற சொல்லை 1908இல் முன்வைத்தவர் ஒய்கன் புளொய்லர். அப்போது அவர் சூரிச்சில் புர்க்ஹோல்ஸ்லி மனநல ஆஸ்பத்திரியின் தலைவர். குளோசபின் மருந்தும் இங்கேதான், பேர்னில் இருந்த வான்டர் நிறுவனத்தில், 1950களின் இறுதியில் பிறந்தது. நாங்கள் சின்ன வயதில் பாலில் கலந்து குடித்த ஓவோமால்டினைத் தந்ததும் அதே வான்டர்தான்!

குளோசபின் நல்ல மருந்து. வேறு மருந்து கேட்காத பலருக்கு அது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் 1975இல் பின்லாந்தில் அதைப் போட்ட சிலர், வெள்ளை இரத்த அணுக்கள் குறைந்து இறந்தார்கள். அதன்பிறகு இரத்தப் பரிசோதனை கட்டாயமானது. முதல் 18 வாரங்களுக்கு ஒவ்வொரு வாரமும், பிறகு மாதம் ஒருமுறை என்பதே இங்கே நெடுங்காலம் இருந்த விதி. அதாவது ஊசி ஏற்கெனவே குத்தப்படுகிறது, இரத்தம் ஏற்கெனவே எடுக்கப்படுகிறது. அதே இரத்தத்தில் சீனியையும் கொழுப்பையும் குறித்த இடைவெளியில் பார்த்தால் என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தி இறக்கிறார்கள். இருதய நோய், சீனி வருத்தம் போன்ற உடம்பு வருத்தங்கள் அதற்குப் பெரிய காரணம். நாங்கள் குரல்களுக்குப் பயப்படுகிறோம். இருதயத்தை மறந்துவிடுகிறோம்.

எப்போது கவனிக்கவேண்டும்? லொசான் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு இதைப் பல வருடமாக ஆராய்கிறது. 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் நிறை 5 வீதத்துக்கு மேல் கூடினால், பின்னால் நிறைய ஏறும் வாய்ப்பு அதிகம். 60 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. "வீட்டுச் சாப்பாடு பிடித்திருக்கு" என்று நாங்கள் சிரித்து விட்டுவிடும் 3 கிலோ. அந்த முதல் மாதத்தின் பாதி ஆஸ்பத்திரியிலும் பாதி வீட்டிலும் போய்விடலாம். மனநல வைத்தியர் குடும்ப வைத்தியர் பார்ப்பார் என்று நினைக்கிறார். குடும்ப வைத்தியர் மனநல வைத்தியர் பார்ப்பார் என்று நினைக்கிறார். கடைசியில் ஒருவரும் பார்ப்பதில்லை.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தெற்காசியர்களுக்குக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தம் வரும். ஐரோப்பிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை 94 சென்ரிமீற்றர், எங்களுக்கு 90. பெண்களுக்கு 80. பார்வைக்கு மெலிவாக இருப்பவருக்கும் ஆபத்து இருக்கலாம்.

"இதையெல்லாம் சொன்னால் அவர் குளிசையை நிறுத்திவிடுவார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சொல்லாமல் விட்டபோதுதான் சித்தப்பா தன் வயிற்றைப் பார்த்து வெட்கப்பட்டு, ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு முறை குளிசையை நிறுத்தினார். இரண்டு முறையும் குரல்கள் திரும்பி வந்தன. மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆனால் டொக்டரிடம் கேட்டால் வழிகள் இருக்கின்றன. வேறு மருந்துக்கு மாற்றலாம், அளவைப் பார்க்கலாம், மெற்ஃபோர்மின் சேர்க்கலாம். வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மனநல ஸ்பிற்றெக்ஸ் தாதி வீட்டுக்கே வருவார். அடிப்படைக் காப்புறுதி அதற்குப் பணம் தரும்.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது சின்ன விசயம். வாரத்தில் ஒரு நாள் நிறையைப் பார்த்து எழுதி வைப்பது. சாப்பாட்டைப் பூட்டி வைக்காமல், கூட நடக்கப் போவது. ஏசாமல் இருப்பது. முக்கியமாக, 'விசர்' என்ற சொல்லை வீட்டுக்கு வெளியே வைப்பது.

சித்தப்பா இப்போது சனிக்கிழமைகளில் தராசில் ஏறுகிறார். நான் கொப்பியில் எழுதுகிறேன். சில வாரம் குறையும், சில வாரம் கூடும். கூடினாலும் ஒருவரும் கத்துவதில்லை.

பெரியவர்களின் வருத்தத்தை மொழிபெயர்ப்பது பிள்ளைகளின் வேலையாக இருக்கக்கூடாது. ஆனால் உங்களில் சிலர் நாளைக்கும் அந்தக் கதிரையில் இருக்கப்போகிறீர்கள். டொக்டர் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நீங்களாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இவருடைய நிறையையும் சீனியையும் இனி யார் பார்ப்பது, எந்தத் திகதியில்?" பதிலை எழுதி வாங்கிக்கொண்டு எழும்புங்கள்.